பிரேக்கில் கால் படுவதற்கு முன்

தேனி மாவட்டக் காவல் நிலையங்களில் பதிவாகும் சாலை விபத்து வழக்குகளில், தமிழ்நாட்டின் மற்ற இடங்களைப் போலவே, ஒரு வாசகம் தவறாமல் வரும்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து'. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106. பிரிவு எண் மாறினாலும் வாசகம் மாறவில்லை. வழக்கு நிற்க வேண்டுமானால் அது தேவை என்பதால் எழுதுகிறார்கள். ஓட்டுநர் எதைப் பார்த்தார், எவ்வளவு தூரத்தில் பார்த்தார், பிரேக்கை மிதித்தாரா, வண்டியை ஒடித்தாரா என்பதெல்லாம் அந்த ஒரு வாசகத்துக்குள் அமுங்கிவிடும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கையும் இந்த வழக்குகளின் கூட்டல்தான். 2022-ல் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் நேர்ந்த 1,68,491 சாவுகளில் 71.2 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது அறிக்கை. வேகம் கொல்லும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த எண்ணிக்கை வேகத்தை அளந்து வந்ததல்ல. பெரும்பாலும் அந்த வாசகத்தை எண்ணி வந்தது. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகம் 1979-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு, சுமார் 93 சதவீத விபத்துகளில் மனிதத் தவறு ஒரு காரணம் என்றது. அந்த ஆய்வு சாலையையும் வண்டியையும் சேர்த்தே காரணங்களாகக் கணக்கிட்டிருந்தது. மேடைகளில் அது 'எல்லாம் டிரைவர் தப்பு' என்று சுருங்கிவிட்டது.

அப்படியானால் அந்தத் தவறு எந்த நொடியில் நடக்கிறது? கம்பம் பள்ளத்தாக்கு இதைக் கேட்பதற்குத் தோதான இடம். தேனியிலிருந்து குமுளி வரை ஓட்டிப் போனாலே ஊர்த்தெரு, புறவழிச்சாலை, மலைப்பாதை என மூன்று விதமான சாலைகளும் வந்துவிடும். மூன்றும் ஓட்டுநரின் நேரத்தை மூன்று விதமாகத் திருடுகின்றன.

முதலில் அந்த நேரத்தின் அளவைப் பார்ப்போம். கண்ணில் பட்டதை மூளை ஆபத்து என்று புரிந்துகொண்டு, கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழும்பி பிரேக்கில் விழும் வரை ஆகும் நேரத்தை எதிர்வினை நேரம் என்கிறோம். மனித உடம்புக்கு இப்படி ஒரு தாமதம் உண்டு என்பதையே 19-ஆம் நூற்றாண்டு வரை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் ஓடும் சமிக்ஞையின் வேகத்தை அளந்தார். 1868-ல் டாண்டர்ஸ், ஒன்றுக்கு மேற்பட்ட பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் நேரம் கூடும் என்று காட்டினார். 1952-ல் ஹிக் அதைக் கணக்குச் சூத்திரமாக்கினார். சாலைக்கும் இந்த அளவீடு வந்தது. 1971-ல் சுவீடனில் யோஹான்சன், ரூமார் இருவரும் 321 ஓட்டுநர்களைச் சோதித்தார்கள். 'ஹாரன் சத்தம் கேட்டதும் பிரேக் மிதியுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தும் நடு அளவு 0.66 நொடி. எதிர்பாராத நிலைக்குத் திருத்திப் பார்த்தபோது அது 0.9 நொடியைத் தொட்டது. 2000-ல் மார்க் கிரீன் என்ற அறிஞர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து மூன்று படிகளாகச் சொன்னார்: எதிர்பார்த்து இருந்தால் 0.7 நொடி, முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு எரிவது போன்ற பழகிய ஆனால் எதிர்பாராத நிகழ்வுக்கு 1.25 நொடி, திடீரென்று ஒருவர் குறுக்கே வந்தால் 1.5 நொடி.

கேட்கும்போது இந்த 1.5 நொடி ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 25 மீட்டர். அதன் பிறகுதான் டயர் தரையைப் பிடிக்கத் தொடங்கும். காய்ந்த நல்ல தார்ச்சாலையில் இன்னும் 20 மீட்டர் ஓடி, ஆக 45 மீட்டரில் வண்டி நிற்கும். இப்போது அதே இடத்தில் அதே ஆபத்தை 80-ல் வரும் இன்னொருவர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் வண்டி நின்றுவிட்ட புள்ளியை இவர் கடக்கும்போது, பிரேக்கை முழுக்க மிதித்தும், இவருடைய வேகம் இன்னும் சுமார் 65. இருவரும் ஒரே கணத்தில் மிதித்தவர்கள். இருவருக்கும் ஒரே கால், ஒரே மூளை. ஒருவர் தப்புகிறார், இன்னொருவர் 65-ல் மோதுகிறார். அந்த வித்தியாசம் கடைசி நொடியில் உண்டானதல்ல. வீரபாண்டியையோ சின்னமனூரையோ தாண்டும்போதே, ஆக்ஸிலேட்டரில் கால் எவ்வளவு அழுந்தியிருந்தது என்பதில் உண்டானது.

சாலை போடுகிறவர்களுக்கு இது தெரியும். இந்திய சாலைப் பேரவை 1976-ல் வெளியிட்ட 66-ஆம் எண் நெறிமுறை, ஓட்டுநருக்கு 2.5 நொடி கொடுத்துக் கணக்குப் போடுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்துக்கு முன்னால் 80 மீட்டர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 80-க்கு 120 மீட்டர். 100-க்கு 180 மீட்டர். மழை, தேய்ந்த டயர், வயதான ஓட்டுநர் எல்லாவற்றையும் தாங்கும் தாராளமான கணக்கு அது. எதிர்வரிசையில் ஏறி முந்திச் செல்வதற்கு அது கேட்கும் தூரம் இன்னும் பெரிது: 80 கிலோமீட்டர் வேகச் சாலையில் 470 மீட்டர்.

அந்த 470-ஐ மனதில் வைத்துக்கொண்டு புறவழிச்சாலைக்கு வருவோம். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, உத்தமபாளையம், கம்பம் வழியாகக் குமுளிக்குப் போகும் 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு ஊர்தோறும் புறவழி போட்டார்கள். கடைவீதி நெரிசலில் நகராமல் கிடந்தவர்களுக்கு அது வரமாகத்தான் இருந்தது. ஆனால் அது நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. நான்குவழிச் சாலையின் வேகம், பழைய சாலையின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் அகலம், எதிரே வருகிறவனுக்கும் நமக்கும் நடுவில் ஒரு கோடு மட்டும். இரண்டு பக்கமும் 80-ல் வந்தால் இடைவெளி ஒவ்வொரு நொடியும் 44 மீட்டர் சுருங்கும். தேங்காய் லோடு ஏற்றிய லாரியை முந்த வெளியே வருகிறவர், எதிரே 300 மீட்டரில் காரைக் கண்டால் அவருக்கு இருப்பது 7 நொடிக்கும் குறைவு.

இதில் கண் வேறு ஏமாற்றும். 1976-ல் டேவிட் லீ எழுதிய கட்டுரை இதை விளக்கியது. எதிரே வரும் பொருளின் தூரத்தையோ வேகத்தையோ நாம் தனித்தனியாக அளப்பதில்லை. கண்ணில் விழும் அதன் உருவம் எவ்வளவு விரைவாகப் பெருக்கிறது என்பதை வைத்து, வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று உணர்கிறோம். தூரத்தில் இருக்கும்வரை உருவம் பெருப்பதே தெரியாது. நின்றுகொண்டிருப்பது போலவே இருக்கும். கிட்டே வந்ததும் திடீரென்று ஊதிப் பெருக்கும். 'எங்க இருந்து வந்தான்னே தெரியல' என்று விபத்துக்குப் பிறகு சொல்கிறவர் பொய் சொல்வதில்லை. இருசக்கர வாகனம் என்றால் உருவமே சிறியது. அந்த ஊதல் இன்னும் தாமதமாகத் தெரியும். நெல் வயலையும் தென்னந்தோப்பையும் அறுத்துக்கொண்டு போகும் புறவழியில், வயலுக்குப் போகும் டிராக்டரும் டிவிஎஸ் 50-யும் குறுக்கே கடக்கத்தான் செய்யும். பாதை அவர்களுடையது, சாலைதான் பிறகு வந்தது.

பழைய ஊர்ச்சாலையில் நிலைமை நேர்மாறு. ஆபத்து அதிகம், வேகம் குறைவு. உத்தமபாளையத்துக்குள்ளோ போடிக்குள்ளோ ஓட்டுகிறவர் நாய், ஆட்டோ, பள்ளிப்பிள்ளை, பஸ்ஸிலிருந்து இறங்கிப் பஸ்ஸுக்கு முன்னாலேயே குறுக்கே போகிறவர் என எல்லாரையும் எதிர்பார்த்தே ஓட்டுகிறார். கிரீனின் படியில் அவர் 0.7-ல் இருக்கிறார். அதே மனிதர் புறவழியில் ஏறிப் பாட்டைப் போட்டதும் 1.5-க்குப் போய்விடுகிறார். நல்ல சாலை மனதைத் தளர்த்திவிடுகிறது என்பது பொறியாளர்களுக்குப் பிடிக்காத உண்மை.

2023 மே 27-ஆம் தேதி கம்பம் நகருக்குள் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை வந்தபோது இந்த ஊர்ப்பழக்கமும் உதவவில்லை. தெருவில் எதிரே யானை வரலாம் என்பதற்கு எந்த ஓட்டுநர் மனதிலும் இடம் இல்லை. இருசக்கர வாகனத்தில் வந்து யானை எதிர்ப்பட்டுத் தூக்கி எறியப்பட்ட ஒருவர் சில நாளில் இறந்துபோனார். ஜூன் 5-ஆம் தேதி யானை பிடிபட்டது. மனதில் முன்பே ஒரு படம் இல்லாத ஆபத்துக்குக் கால் மிகமிகத் தாமதமாகத்தான் அசையும்.

இனி மலை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஒரு பாதை. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு இன்னொன்று. அதிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு மேலே போகும் ஜீப்புகள் சாயங்காலம் திரும்பி இறங்கும். ஏற்ற வேண்டியதைவிட அதிகம் பேரை ஏற்றியிருக்கும் ஜீப்பில், வளைவில் ஒடித்துத் திருப்பித் தப்புவது என்ற வழியே அடைபட்டிருக்கும். மேல்பாரம் அதைக் கவிழ்த்துவிடும். ஆக அந்த ஓட்டுநர் தன் கடைசி நொடித் தேர்வுகளில் ஒன்றை, ஆளை ஏற்றும்போதே அடிவாரத்தில் இறக்கி வைத்துவிட்டார்.

மலையில் இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டமே. அனுபவமுள்ள லோடு வண்டிக்காரர்கள் அதைச் சட்டமாக அறியாமலே கடைப்பிடிப்பார்கள். 'எந்தக் கியர்ல ஏறினியோ அந்தக் கியர்ல இறங்கு' என்பது கிளீனராக இருக்கும்போதே கற்றுக்கொள்ளும் பாடம். சமவெளிக்காரர்கள் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குகிறார்கள். பத்தாவது வளைவுக்குள் பிரேக் சூடேறி, மிதித்தால் பஞ்சாக உள்ளே போகும். அங்கே எதிர்வினை நேரம் அரை நொடியாக இருந்தாலும் பயன் இல்லை. கேரளப் பக்கம் மூணாறு–போடிமெட்டுச் சாலையை அகலமாக்கிய பிறகு ஒரு புதிய தொல்லையும் சேர்ந்திருக்கிறது. அகலச் சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டியவருக்கு வேக உணர்வு மழுங்கிவிடும்; 40-ல் போவது ஊர்வது போலத் தோன்றும். அந்த மழுங்கலோடுதான் தமிழ்நாட்டு வளைவுகளில் இறங்கத் தொடங்குகிறார்.

வளைவில் ஹாரன் அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. நகரத்து ஹாரனை நான் வெறுக்கிறேன். மலை ஹாரனை அல்ல. அது எதிரே வருகிறவரைத் 'திடீர்' நிலையிலிருந்து 'எதிர்பார்த்த' நிலைக்கு நகர்த்திவிடுகிறது. 1.5 நொடி 0.7 ஆகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் அது 6 மீட்டருக்கு மேல். மலைப்பாதையில் மோதலுக்கும் உரசாமல் நிற்பதற்கும் நடுவில் இருப்பது பல நேரம் அதைவிடக் குறைவு. காதுக்கு எட்டும் சமிக்ஞைக்கு மனிதன் கண்ணைவிடச் சற்று விரைவாகவே பதில் சொல்கிறான் என்பதும் ஆய்வகத்தில் நெடுநாளாகத் தெரிந்த செய்தி.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் இந்தப் பள்ளத்தாக்கே ஐயப்ப பக்தர்களின் வழி. கூட்டம் கூடும்போது கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள் போலீசார். ஒருவழியாக்குவது நேருக்கு நேர் மோதலை வேரோடு எடுத்துவிடும். என் பார்வையில் மாவட்டம் செய்கிற மிகச் சிறந்த பாதுகாப்பு ஏற்பாடு இதுதான். ஆனால் தூக்கத்தை அது எடுக்க முடியாது. 2022 டிசம்பர் 23 அன்று இரவு, சபரிமலையிலிருந்து ஆண்டிபட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த பக்தர்களின் கார், குமுளி மலைப்பாதையில் இரைச்சல் பாலம் அருகே, மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ராட்சதக் குழாய்கள் இறங்கும் பள்ளத்தில் விழுந்தது. 8 பேர் இறந்தார்கள். அந்த ஒரு விபத்தின் காரணத்தை இங்கே தீர்ப்பாகச் சொல்வதற்கில்லை. பொதுவாகச் சொல்ல முடிவது இது: 2000-ல் வில்லியம்சன், ஃபேயர் இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, 17 முதல் 19 மணி நேரம் தூங்காமல் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கோ அதற்கும் கீழேயோ போய்விடுகிறது. நம் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03. விரதம் இருந்து, ஒரு சொட்டும் தொடாமல், மலையேறித் தரிசனம் முடித்து இரவோடு இரவாகத் திரும்பும் ஓட்டுநர், எந்தக் கருவியிலும் அகப்படாமல் அந்த எல்லையைத் தாண்டியவராக இருக்கலாம்.

இரவின் இன்னொரு கணக்கு விளக்கு. டிம் லைட்டில் இருண்ட பொருள் தெரிவது ஏறக்குறைய 40, 50 மீட்டர். 60-ல் வருகிறவருக்கு நிற்கத் தேவை 45. அதற்கு மேல் போகிறவர் பார்க்காத இடத்துக்குள் ஓட்டுகிறார். பின்விளக்கு இல்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லர், பஞ்சராகி நின்ற லாரிக்குப் பின்னால் எச்சரிக்கையாக ஒடித்துப்போட்ட வேப்பங்கொப்பு, லாரி கிளம்பிப் போன பிறகும் சாலையிலேயே கிடக்கும் அண்டைக்கல். இவை அந்த 45-க்குள்தான் கண்ணில் படும்.

இப்போது அந்தக் கடைசி நொடிக்கே வருவோம். மிதிப்பதா, ஒடிப்பதா? ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, ஒடித்தால் தப்பலாம் என்ற இடத்திலும் பெரும்பாலோர் பிரேக்கைத்தான் மிதிக்கிறார்கள் என்பதே. 1994-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு தொகுப்பும் அப்படித்தான் சொன்னது. இதைக் குறையாகப் பேசுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் சாலையில் ஒடித்துத் திரும்பும் பக்கம் காலியாக இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? இடப்பக்கம் வாய்க்கால், வலப்பக்கம் எதிர்வண்டி. பிரேக் மிதித்தவர் மோதினாலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மோதுகிறார். நாய்க்காக ஒடித்துப் புளியமரத்தில் மோதுகிறவருக்கு அந்தத் தள்ளுபடி கிடைப்பதில்லை. ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் இரண்டையும் சேர்த்துச் செய்யவும் முடியாது. சக்கரம் இறுகிவிட்டால் ஸ்டியரிங் சொன்னதைக் கேட்காது. 2019 ஏப்ரலிலிருந்துதான் புதிய கார்கள் அனைத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயம்.

பைக்கில் கதை இன்னும் கொடுமை. 1981-ல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை இடத்திலேயே போய் ஆராய்ந்தார்கள். தப்பிக்க எல்லாம் செய்து முடிக்க ஓட்டியவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் 2 நொடிக்கும் குறைவு. அந்த 2 நொடியில் பெரும்பாலோர் பின் பிரேக்கை இறுக்கி வழுக்கினார்கள். உண்மையில் நிறுத்தும் வலு உள்ள முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. 'முன் பிரேக் பிடிச்சா தலைகுப்புற விழுவ' என்று சொல்லித்தான் நம் ஊரில் பைக் பழக்குகிறார்கள். அந்த ஒரு அறிவுரை எத்தனை மீட்டரைத் தின்றிருக்கும் என்று நினைத்தால் கோபம் வருகிறது.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் காவல் நிலையத்தைவிட நுட்பமாகவே யோசித்திருக்கின்றன. 1878 செப்டம்பரில் லண்டனுக்கு அருகே தேம்ஸ் நதியில் பிரின்சஸ் ஆலிஸ் என்ற பயணிகள் படகு, பைவெல் காசில் என்ற கப்பலோடு மோதி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த தீர்ப்பு, அடுத்தவர் தவறால் திடீர் நெருக்கடியில் தள்ளப்பட்டவர் பதற்றத்தில் தவறான பக்கம் திருப்பினால், அதையே அவர் குற்றமாக வைக்கக் கூடாது என்ற கோட்பாட்டை நிறுவியது. இந்தியாவில் 1979-ல் உச்ச நீதிமன்றம் விசாரித்த கர்நாடக பஸ் ஓட்டுநர் வழக்கும் இதே பாதையில் வைத்துப் பார்க்கத் தக்கது. சாலையின் குறுக்கே திடீரென்று ஓடிய சிறு குழந்தையைக் காப்பாற்ற அவர் பஸ்ஸை வலப்பக்கம் ஒடித்தார், குழந்தை பிழைக்கவில்லை. வண்டி தவறான பக்கத்தில் இருந்தது, ஆகவே குற்றம் என்ற வாதத்தை ஏற்காமல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. விபத்து நடந்திருப்பதே குற்றத்துக்குச் சான்று என்ற தர்க்கம் இழப்பீட்டு வழக்குக்குப் பொருந்தலாம், தண்டனை வழக்கில் அதை அப்படியே சாட்ட முடியாது என்பது அதன் சாரம்.

இந்தத் தீர்ப்புகள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய தகவல் வழக்குக் கட்டில் இருக்க வேண்டுமே. சென்னை ஐஐடியும் தேசிய தகவலியல் மையமும் உருவாக்கிய மின்னணு விபத்துப் பதிவுத் தளத்தில், ஒரே விபத்தைப் பற்றிக் காவல்துறை, நெடுஞ்சாலைத்துறை, போக்குவரத்துத்துறை, மருத்துவமனை என நான்கு தரப்பும் எழுத முடியும். நெடுஞ்சாலைப் பொறியாளர் இடத்துக்கு வந்து, ஓட்டுநரின் கண் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் தெரிகிறது என்று அளந்து எழுதினால், 'அஜாக்கிரதை' என்பது 80 மீட்டர் தெரிந்தும் நிற்காததா, 30 மீட்டர்கூடத் தெரியாததால் நிற்க முடியாமல் போனதா என்று பிரித்துச் சொல்லலாம்.

ஓட்டுநர் பக்கத்தில் செய்யக் கூடியதற்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. பிரிட்டனில் 2002 நவம்பர் முதல் உரிமம் கேட்பவர் 14 வீடியோத் துண்டுகளைப் பார்க்க வேண்டும். படத்தில் ஆபத்து உருவாகத் தொடங்குவதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். சீக்கிரம் அழுத்தினால் 5 மதிப்பெண். தாமதமாக ஆகக் குறைந்து, கடைசியில் பூஜ்யம். பிரேக் மிதிக்கும் வேகத்தை அந்தத் தேர்வு அளப்பதில்லை. எவ்வளவு முன்னால் பார்க்கிறார் என்பதை அளக்கிறது. நம்மிடம் சின்னங்களைக் கேட்கும் கணினித் தேர்வும் எட்டுப் போடும் மைதானமும் இருக்கின்றன. எட்டு போடும்போது குறுக்கே எதுவும் வராது. பிரிட்டன் வீடியோ இங்கே உதவாது. நம் ஆபத்துகள் வேறு. நிறுத்தத்தில் நிற்கும் மினிபஸ், அதன் முன்சக்கரத்துக்குக் கீழே தெரியும் இரண்டு சிறு கால்கள். சாலையோரம் ஒற்றை ஆடு, அதன் பின்னால் இன்னும் வெளிவராத மந்தை. வளைவுக்கு அந்தப் பக்கம் மூடுபனியில் நகரும் மஞ்சள் வெளிச்சம். முன்னால் போகும் லாரி காரணமில்லாமல் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்குவது. இதையெல்லாம் லோயர் கேம்ப்பிலும் போடிமெட்டிலும் படம் பிடித்து, தேனி மாவட்டத்தின் டிஎன் 60 எண்ணில் உரிமம் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டலாம். பெரிய செலவு பிடிக்கிற வேலையும் அல்ல.